சிதம்பரத்தில் இரண்டு இரவு: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து செல்லும் அடியார்களுக்கான முழுமையான வழிகாட்டி

பொன்னம்பலம், சிற்றம்பலம், அம்பலவாணர், தில்லைநாதன், சிவகாமிப்பிள்ளை ஆகிய பெயர்களுள் ஒன்றாவது வழங்காத சைவக் குடும்பத்தை மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ காண்பது அரிது. அவை யாவும் ஒரே கோயிலிலிருந்து வந்த பெயர்கள். சைவர்கள் ஊர்ப்பெயர் சேர்க்காமல் ‘கோயில்’ என்று மட்டும் சொன்னால் அது சிதம்பரத்தையே குறிக்கும். ஆனாலும் இங்கிருந்து செல்லும் நம்மவர்களுள் பலர் அந்தக் கோயிலை இரண்டு மணித்தியாலத்தில் பார்த்து முடித்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

எங்கள் முதற் பயணமும் அப்படித்தான் அமைந்தது. ஏழு நாளில் பதினெட்டுத் தலங்கள் என்று ஒழுங்கு செய்திருந்த பயண முகவரின் பஸ், காலையில் புதுச்சேரியில் சுணங்கி, பதினொன்றே முக்காலுக்குக் கீழவீதியில் எங்களை இறக்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடிச் சேர்வதற்கும் நடை சாத்துவதற்கும் சரியாக இருந்தது. கூட வந்த மாமி ஒருவர், “சுவாமி என்னைக் கண்டிருப்பார், நான்தான் அவரைக் காணல்ல” என்று வைத்தீசுவரன்கோயில் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். பின்னர் இரண்டு முறை குடும்பத்தோடு சென்று தங்கியபோதுதான், இந்தக் கோயிலில் தரிசனம் என்பது ஒரு திருவுருவத்தின் முன் நின்று கும்பிட்டு விலகுவது மட்டுமன்று என்பதும், காலையில் பள்ளியறையிலிருந்து இறைவன் எழுந்தருளுவது தொடங்கி இரவில் மீண்டும் அங்கே செல்வது வரையுள்ள ஒரு நாளின் ஒழுங்கை உடனிருந்து காண்பதே அது என்பதும் விளங்கின. ஆகவே கீழே சொல்லப்படுவன யாவும், சிதம்பரத்தில் குறைந்தது இரண்டு இரவு தங்குவது என்று தீர்மானித்தவர்களுக்காக எழுதப்பட்டவை.

காலத்தைத் தெரிவு செய்தல்

நடராசப் பெருமானுக்கு ஆண்டில் ஆறு முறை மட்டுமே அபிடேகம் நடைபெறும். சித்திரைத் திருவோணம், ஆனி உத்தரம், மார்கழித் திருவாதிரை ஆகிய நட்சத்திர நாட்களும், ஆவணி, புரட்டாதி, மாசி மாதங்களின் சதுர்த்தசித் திதிகளுமே அந்த ஆறு. இவற்றுள் ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் பத்து நாள் பெருந்திருவிழாக்களாக நடைபெறுகின்றன. மற்றைய கோயில்களில் உற்சவமூர்த்திதான் தேரேறும். இங்கே ஒன்பதாம் நாள் மூலவராகிய நடராசரும் சிவகாமியம்மையுமே தாம் வீற்றிருக்கும் கருவறையான சிற்சபையை விட்டு வெளியே வந்து தேரில் ஏறுகிறார்கள். பத்தாம் நாள் ஆயிரங்கால் மண்டபமாகிய இராசசபையில் அதிகாலை அபிடேகமும் பின்னர் தரிசனமும் நடக்கும். அதைக் காண விரும்புவோர் ஒன்பதாம், பத்தாம் நாட்கள் இரண்டும் தம் பயணத்துக்குள் வருமாறு திட்டமிடவேண்டும். விடுதி அறைகளைப் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யவேண்டும்.

முதன்முறையாகச் செல்வோருக்கு, சிறப்பாக முதியவர்களோடும் பிள்ளைகளோடும் செல்வோருக்கு, திருவிழாக் காலத்தை நான் பரிந்துரைப்பதில்லை. நெரிசலில் சிற்சபையை நிதானமாகக் காண இயலாது. திருவெம்பாவைக் காலத்தில் ஊரில் விடியற்காலைப் பூசையை விட்டுவிட்டுப் போக மனம் வராது என்பது வேறு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நமக்குப் பெய்யும் அதே வடகீழ்ப்பருவ மழைதான் அங்கும் பெய்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே தாழ்ந்த நிலத்தில் உள்ள ஊராதலால் வெள்ளமும் வரும். ஆனியில் நம் பக்கத்தில் கச்சான் காற்று வீசும் நாட்களுக்கு நிகரான வெக்கை அங்கே இருக்கும். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தால், பெரும்போக வெள்ளாமை வெட்டி, நெல்லும் வீடு வந்து சேர்ந்த பின்னரான மாசி, பங்குனி மாதங்களே நமக்கு வாய்ப்பானவை. மகாசிவராத்திரியை ஒட்டிச் சென்றால், 1981 முதல் சிதம்பரத்தில் நடந்துவரும் நாட்டியாஞ்சலி விழாவையும் காணலாம்.

ஆவணங்களும் பணமும்

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு இந்திய விசா கட்டாயம். சுற்றுலாவுக்கான இணையவழி விசாவை இந்திய அரசின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். அத்தளத்தைப் போலத் தோற்றமளித்து மேலதிகக் கட்டணம் அறவிடும் போலித் தளங்கள் பல உள்ளன. முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்த பின்னரே பணம் செலுத்துங்கள். கடவுச்சீட்டு பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கவேண்டும். வெற்றுப் பக்கங்கள் இரண்டு இருக்கவேண்டும். கப்பலில் செல்ல எண்ணுவோர், தம் விசா வகை நாகபட்டினத் துறைமுகத்தின் வழியாக நுழைவதற்குச் செல்லுமா என்பதைப் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுதல் அவசியம்.

கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் பிரதிகள் நான்கைந்தும் கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்கள் சிலவும் கையில் இருக்கட்டும். சிம் வாங்கும்போதும் விடுதியில் பதியும்போதும் அவற்றைக் கேட்பார்கள். நம் வீடுகளில் உள்ள சதுர முள் மூன்று கொண்ட செருகி அங்குள்ள துளைகளில் நுழையாது. உருண்டை முள் செருகி ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். பணத்தை டொலராகக் கொண்டுசென்று, அனுமதி பெற்ற நாணய மாற்றுநிலையத்தில் மாற்றிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அங்கே பூக்கடை முதல் ஆட்டோ வரை கைத்தொலைபேசியிலேயே பணம் அனுப்பிப் பழகிவிட்டார்கள். நம்மிடம் அந்த வசதி இராது என்பதால் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களை நிறையச் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

வழிகள்

பழைய தலைமுறையினர் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து புகையிரதத்தில் சென்றார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்த வழி முடிந்தது. இன்று நமக்கு முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, மட்டக்களப்பிலிருந்தோ கல்முனையிலிருந்தோ இரவுப் பயணமாகக் கொழும்பு சென்று, கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்குப் பறப்பது. விமானப் பயணம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் சென்னையிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 230 கிலோமீற்றர். எழும்பூரிலிருந்து விழுப்புரம், கடலூர் வழியாக மயிலாடுதுறை செல்லும் பாதையில் ஓடும் ரயில்களே முதியோருக்கு ஏற்றவை. பகலில் ஓடும் சோழன் விரைவுவண்டி இவ்வழியே செல்கிறது. இருக்கைகளை நாட்கணக்கில் முன்பே பதிவு செய்யவேண்டும்.

இரண்டாவது, கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் பறந்து, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகத் தரையால் செல்வது. தூரம் குறைவு, விமான நிலையமும் சிறியது. தஞ்சைப் பெரிய கோயிலையும் பார்க்க விரும்புவோர் இதனையே தெரிவு செய்யலாம்.

மூன்றாவது, காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கான கப்பல். 2023 ஒக்டோபரில் தொடங்கி இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய சேவை இது. நாகபட்டினத்தில் இறங்கினால் காரைக்கால், சீர்காழி வழியாகச் சிதம்பரம் இரண்டு, மூன்று மணித்தியாலத்தில் வந்துவிடும். கணக்குக்கு இதுவே மிகவும் கிட்டிய வழி. ஆயினும் மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பயணத்தையும் கூட்டிப் பார்க்கவேண்டும். மாரியில் கடல் கொந்தளித்தால் சேவை நிறுத்தப்படும். திரும்பும் நாளில் கட்டாய வேலை உள்ளவர்கள் கப்பலை நம்பக் கூடாது என்பது என் கருத்து.

தங்குமிடம்

கோயிலைச் சுற்றியுள்ள கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி ஆகிய நான்கும் தேரோடும் வீதிகள். இவற்றிலோ இவற்றுக்கு அண்மையிலோ தங்குங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் தங்கினால் அதனை அரசுக்கு இணையவழியே அறிவிக்கவேண்டிய கடமை விடுதிக்காரருக்கு உண்டு. சிறிய லாட்ஜுகள் சில இந்தச் சிரமத்துக்காகவே ‘அறை இல்லை’ என்று சொல்லிவிடும். பதிவு செய்யும்போதே “நாங்கள் இலங்கையிலிருந்து வருகிறோம், இலங்கைக் கடவுச்சீட்டு” என்று சொல்லி ஒப்புதல் பெற்றுவிட்டால், இரவு பத்து மணிக்குப் பெட்டியோடு வீதியில் நிற்க நேராது.

பேச்சில் சிறு தடுமாற்றங்கள் வரும். நாம் ‘தண்ணிப் போத்தல்’ என்றால் அவர்கள் ஒருகணம் யோசிப்பார்கள். ‘பாட்டில்’ என்றால் உடனே விளங்கும். பஸ் தரிப்பிடத்தை ‘ஸ்டாப்பிங்’ என்பார்கள். சாறம் அங்கே கைலி. ‘கதைப்பது’ என்றால் அவர்களுக்குக் கதை சொல்வது. எங்கள் பேச்சைக் கேட்டு ஆட்டோக்காரர் ஒருவர் “கேரளாவா?” என்று கேட்டார்; மட்டக்களப்பு என்றதும் கட்டணத்தைக் குறைக்கவில்லை, ஆனால் வழியெல்லாம் நம் ஊரைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தார்.

முதல் மாலை: வெளியிலிருந்து உள்ளே

நடை பொதுவாகக் காலை 6 மணி முதல் நண்பகல் 12 மணி வரையும், மாலை 5 மணி முதல் இரவு 10 மணி வரையும் திறந்திருக்கும். விடுதியில் குளித்து, மாலை நான்கரை மணிக்கு வெளிக்கிடுங்கள். ஆண்கள் வேட்டி உடுத்திச் செல்வதே நன்று. சிற்சபைக்கு முன்னுள்ள கனகசபையில் ஏறும்போது மேற்சட்டையைக் கழற்றவேண்டும். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

நேரே சந்நிதிக்குச் செல்ல வேண்டாம். முதலில் நான்கு வீதிகளையும் சுற்றி நடந்து, ஏழு நிலைக் கோபுரங்கள் நான்கையும் வெளியே நின்று பாருங்கள். மாணிக்கவாசகர் கிழக்கு வாயிலாலும், சம்பந்தர் தெற்கு வாயிலாலும், அப்பர் மேற்கு வாயிலாலும், சுந்தரர் வடக்கு வாயிலாலும் உள்ளே வந்தார்கள் என்பது மரபு. தெற்குக் கோபுரத்தில் பாண்டியரின் மீன் சின்னத்தைக் காணலாம். வடக்குக் கோபுரம் கிருட்டிணதேவராயர் பெயரோடு தொடர்புடையது. கோபுர வாயில்களின் உட்சுவர்களில் பரத சாத்திரம் கூறும் 108 கரணங்கள் கல்லில் வடிக்கப்பட்டுள்ளன. நடனம் பயிலும் பிள்ளைகள் உங்களோடு வந்தால் இங்கேயே அரைமணி நேரம் போய்விடும், போகட்டும், விடுங்கள்.

அன்றிரவு அர்த்தசாமப் பூசைக்குக் கட்டாயம் நில்லுங்கள். ஒன்பது மணிக்குப் பின்னர் கூட்டம் குறைந்து, பகலில் வந்தவர்கள் எல்லாரும் போய், ஊர்க்காரர்களும் நாள்தோறும் வருபவர்களும் மட்டும் எஞ்சும் நேரம் அது. பூசை முடிந்ததும் இறைவனின் திருவடிகள் பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளும். சிவத்தலங்கள் எல்லாவற்றின் கலைகளும் அந்த நேரத்தில் இங்கே வந்து ஒடுங்குகின்றன என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை அறியாத சிறுவர்கள்கூட அவ்வேளையில் பேச்சை நிறுத்திவிடுவதை நான் கண்டேன்.

இரண்டாம் நாள்: சிற்சபையும் இரகசியமும்

காலை ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். இரவு பள்ளியறைக்குச் சென்ற திருவடிகள் பல்லக்கில் திரும்பி வருவதைக் காண்பீர்கள். முதல் நாள் இரவை விட்டுவிட்டு இதை மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும்.

நடராசர் தெற்கு நோக்கி ஆடுகிறார். அவர் நிற்கும் சிற்சபையும் அதன் முன்னுள்ள கனகசபையும் உயர்ந்த மேடையில் இருப்பதால், மேலே ஏறாமல் கீழே நின்றும் நன்கு தரிசிக்கலாம். பொற்கூரை வேய்ந்த பெருமை முதலாம் பராந்தக சோழனுக்கு (907–955) உரியதாகச் சொல்லப்படுகிறது. அதில் 21,600 பொன்னோடுகளும் 72,000 ஆணிகளும் உள்ளன என்பர். நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று கொண்டால் ஒரு நாளுக்கு 21,600 மூச்சு. ஆணிகள் உடம்பின் நாடிகள். சிற்சபைக்கு ஏறும் ஐந்து படிகள் ஐந்தெழுத்து. மனித உடம்பையே கோயிலாகக் கட்டியிருக்கிறார்கள் என்று பெரியவர்கள் விளக்குவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

நடராசரின் வலப்பக்கத்தில் ஒரு திரை தொங்கும். வெளிப்புறம் கறுப்பு, உட்புறம் சிவப்பு. தீபாராதனையின்போது அதனை விலக்கினால் உள்ளே திருவுருவம் எதுவும் இராது. வெறும் வெளியில் பொன் வில்வ மாலைகள் மட்டும் தொங்கும். ஐம்பூதத் தலங்களுள் சிதம்பரம் ஆகாயத்துக்கு உரியது. அந்த வெளியே இங்கு இறைவன். இதனைத்தான் சிதம்பர இரகசியம் என்கிறார்கள். முதன்முறை வரும் தமிழ்நாட்டுக்காரர் சிலர் ‘உள்ளே ஒன்றும் இல்லையே’ என்று திகைத்து நிற்பதுண்டு. கதிர்காமம், மண்டூர் முருகன் கோயில்களில் திரைக்கு முன்னே நின்று, உள்ளே இருப்பதைக் காணாமலே கண்ணீர் விட்டுப் பழகிய நமக்கு அந்தத் திகைப்பு வருவதில்லை. என் மூத்த அக்கா திரை விலகியதும், “இது நம்மட மண்டூர்தானே” என்று மெல்லச் சொன்னார். சைவ சித்தாந்தம் கற்ற ஒருவர் இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளை எடுத்துச் சொல்லக்கூடும். ஆயினும் கிழக்கிலங்கை அடியார் ஒருவர் இவ்விடத்தை அணுகுவதற்கு அக்காவின் வாசகமே போதுமான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

காலைப் பூசைகளில் இன்னொன்றையும் தவறவிடக் கூடாது. கனகசபையில் படிகலிங்கத்துக்கு நாள்தோறும் ஆறு முறை அபிடேகம் நடக்கிறது. காலை பத்து மணி அளவில், மாணிக்கக் கல்லாலான நடராசர் வடிவமாகிய இரத்தினசபாபதிக்கு அபிடேகம் செய்து, முன்னும் பின்னும் கற்பூர ஒளி காட்டுவார்கள். பின்னாலிருந்து ஒளி படும்போது திருமேனி செந்தழலாகத் தெரியும். அபிடேகம் நடக்கும் நேரங்களில் கனகசபையில் ஏற முடியாது, முடிந்ததும் ஏறலாம். திருவிழா நாட்களில் ஏறுவதற்குக் கட்டுப்பாடுகள் இருக்கும். அதைப் பற்றி அங்கே வாதிட வேண்டியதில்லை.

தேவாரம் பாட விரும்புவோருக்கு ஒரு செய்தி. சிற்றம்பல மேடையில் தமிழ்த் திருமுறை பாடுவது நீண்டகாலம் வழக்கிலும் சச்சரவிலும் இருந்த விடயம். 2008இல் தமிழ்நாடு அரசு அதற்கு ஆணை பிறப்பித்தது; 2022 மே மாதத்தில் கனகசபையில் நின்று வழிபடவும் பாடவும் மற்றோர் ஆணை வந்தது. பூசை நடக்காத வேளையில், மெல்லிய குரலில், ‘திருச்சிற்றம்பலம்’ சொல்லித் தொடங்கிப் பாடுங்கள். அச்சொல் குறிக்கும் இடத்திலேயே நின்று அதைச் சொல்வது வேறோர் அனுபவம். இராசராச சோழன் காலத்தில் செல்லரித்துக் கிடந்த திருமுறை ஏடுகள் வெளிப்பட்டதும் இக்கோயிலில்தான் என்பது மரபு.

தீட்சிதர்களும் காணிக்கையும்

நம் பக்கத்தில் கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் இருப்பார், குடிவழி உரிமைகள் இருக்கும், பூசகர் தனியாக இருப்பார். சிதம்பரத்தில் பூசையும் நிருவாகமும் இக்கோயிலுக்கே உரிய அந்தணர்களான பொதுத் தீட்சிதர்களிடமே உள்ளன. உச்சிக்கு முன்பக்கமாகக் குடுமி முடிந்திருப்பதைக் கொண்டு அவர்களை அடையாளம் காணலாம். அவர்களது நிருவாக உரிமையை இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரியில் உறுதி செய்தது. ஆகவே தமிழ்நாட்டின் ஏனைய பெருங்கோயில்களில் போல், கோயில்களை நிருவகிக்கும் அரசின் அறநிலையத் துறையின் அருச்சனைச் சீட்டு வாங்கும் வழக்கம் இங்கில்லை. ஒரு தீட்சிதரிடம் நேரே சொல்லி அருச்சனை செய்விக்கவேண்டும். வாயிலில் சிலர் உங்களை அணுகி, ஆண்டு முழுவதும் உங்கள் பெயரில் பூசை செய்து பிரசாதத்தைத் தபாலில் அனுப்புவதாகச் சொல்லக்கூடும். விருப்பமில்லையானால் கைகூப்பி ‘இல்லை ஐயா’ என்றால் போதும். விருப்பமானால் தொகையை முன்பே தெளிவாகப் பேசிவிடுங்கள். தரிசனத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

நிவேதனமாகும் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் இவ்வூருக்கே உரியவை. கோயிலில் கிடைக்காவிட்டால், வீதிகளில் உள்ள சைவ உணவகங்களில் இட்டலியோடு கொத்சு கேளுங்கள். நம் நாக்குக்கு உறைப்புக் குறைவுதான்.

பிற்பகலும் மற்றைய சந்நிதிகளும்

நண்பகலில் கல்தரை காலைச் சுடும், உறங்குங்கள். மாலையில் மீண்டும் வந்து எஞ்சியவற்றைப் பாருங்கள். தெற்குப் பக்கத்தில், நடராசருக்கு நேரெதிரே, தேர் வடிவில் 56 தூண்களோடு அமைந்த நிருத்தசபை உள்ளது. காளியோடு ஆடி வென்ற ஊர்த்துவ தாண்டவம் அங்கேதான். அருகில் கோவிந்தராசப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்றான தில்லைத் திருச்சித்திரகூடம் அது. ஓரிடத்தில் நின்று இருவரையும் ஒருங்கே தரிசிக்கலாம். அந்த இடத்தைக் கேட்டால் யாரும் காட்டுவார்கள். சிவகங்கைத் தீர்த்தத்தின் மேற்கே சிவகாமியம்மையின் தனிக்கோயில். அதன் மண்டப விதானத்தில் உள்ள பழைய ஓவியங்களை அண்ணாந்து பாருங்கள். தீர்த்தத்தின் கிழக்கே ஆயிரங்கால் மண்டபம். சேக்கிழார் அறுபத்துமூவர் வரலாற்றைப் பாடியது அங்கே என்பர். திருவிழாக் காலங்களிலன்றி அது பெரும்பாலும் பூட்டியே இருக்கும். ஊரின் வட எல்லையில் உள்ள தில்லைக் காளியையும் வணங்கிய பின்னரே யாத்திரை நிறைவுறும் என்பது அங்குள்ளோர் வழக்கு.

மூன்றாம் நாள்: நமக்குரிய இரண்டு இடங்கள்

சீர்காழியும் வைத்தீசுவரன்கோயிலும் இருபது, இருபத்தைந்து கிலோமீற்றருக்குள் உள்ளன. எல்லாரும் அங்கே போவார்கள். நான் சொல்லவிருப்பது வேறு இரண்டு.

புகையிரதப் பாதைக்குக் கிழக்கே அண்ணாமலைநகர். 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். 1931 முதல் 1933 வரை அவர் இங்கே பணியாற்றினார். கல்லடி உப்போடையில் அவரது சமாதியைக் கண்டவர்கள் இந்த வளாகத்தின் மரநிழலிலும் சிறிது நேரம் நடக்கலாம். ஊருக்குள் ஆறுமுக நாவலர் 1864இல் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையின் வழிவந்த பள்ளி இன்றும் அவர் பெயரோடு நடக்கிறது.

மற்றது, பதினைந்து கிலோமீற்றர் தொலைவில் உள்ள பிச்சாவரம். கண்டல் காட்டுக்குள் படகில் செல்லலாம். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் படகில் நிழல் இல்லை. மட்டக்களப்பு வாவியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கண்டலில் என்ன புதுமை என்று கேட்பீர்கள். இவ்வூருக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரம் நகருக்குள் இப்போது காடாக இல்லை. அதைப் பார்க்க இங்கேதான் வரவேண்டும். அது நம் வாவிக்கரையிலும் வளர்கிற மரந்தான். வேல் வந்து தங்கியதாகச் சொல்லப்படும் தில்லை மண்டூரின் தில்லையும் அதுவே. படகோட்டி காட்டும்போது இலையைக் கிள்ள வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்று நம் மீனவர்கள் எச்சரிப்பதையே அவரும் சொல்வார்.

அன்று பிற்பகல் ரயிலுக்குச் செல்வதானால், பெட்டியைக் காலையிலேயே கட்டி விடுதியில் ஒப்படைத்துவிடுங்கள். திருநீற்றைக் கடையில் ஒட்டித் தந்த பொதியிலேயே வைத்து, பெரிய பெட்டிக்குள் இடுங்கள். கைப்பையில் பிரித்த நிலையில் வெண்பொடி இருந்தால் விமான நிலையச் சோதனையில் அதை விளக்கிக்கொண்டு நிற்கவேண்டி வரும்.